35 வயதில் எழுதி வைத்தால் 50-ல் உதவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 21, உலக அல்சைமர் தினத்தையொட்டி உங்கள் நாளிதழில் மறதி நோய் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. நன்றாகவே இருந்தது. நடைப்பயிற்சி போங்கள், சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள் என்ற வழக்கமான அறிவுரைகளோடு, அறுபதைத் தாண்டியவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எங்கள் வீட்டில் இந்த நோய் வந்திருப்பவருக்கு வயது 48. என் கணவரின் தம்பி. டவுன் சிண்ட்ரோமோடு, அதாவது அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் பிறவிக் குறைபாட்டோடு பிறந்தவர். அவரைப் போன்றவர்களைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆஸ்பத்திரிகளிலேயே இந்தப் பேச்சு கிடையாது.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு கேரளாவுடையது, வீட்டுப் பேச்சு தமிழ், ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கோவை, ஒரு நாள் திருச்சூர். கணவருக்கு வேலந்தாவளம் காய்கறி மார்க்கெட்டில் கடை. நான் வீட்டோடு தையல் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தம்பி எங்களோடுதான் இருக்கிறார். மாமியார் போன பிறகு அவருக்கு எல்லாமே அண்ணிதான்.

டவுன் என்றதும் ஒன்றும் தெரியாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மார்க்கெட்டில் முருங்கைக்காய் கட்டுவது அவர் வேலை. நீளம் பார்த்துச் சேர்த்து, முனையைத் தரையில் தட்டிச் சமப்படுத்தி, வாழை நாரை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரே இழுப்பில் சுருக்குப் போடுவார். எண்ணத் தெரியாது. ஆனால் பிடி நிறைந்தால் ஒரு கட்டு என்று அவர் கைக்குத் தெரியும். அவர் போட்ட கட்டு லாரியில் எவ்வளவு தூரம் போனாலும் அவிழாது என்று லோடு ஏற்றுகிறவர்கள் சொல்வார்கள். டீக்கடையில் மலையாளத்தில் சாயா சொல்வார், எங்களிடம் தமிழில் சண்டை போடுவார்.

44, 45 வயதில் அந்தச் சுருக்குதான் முதலில் போனது. நாரைச் சுற்றுவார், அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நிற்பார். யாராவது வாங்கிக் கட்டினால் கோபம் வரும். இத்தனை வருடத்தில் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே அபூர்வம். பிறகு லுங்கியை உள்பக்கம் வெளியே தெரியக் கட்ட ஆரம்பித்தார். மார்க்கெட் படியில் இறங்க பயந்தார், யாராவது கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. மலையாளம் மெல்ல மெல்லப் போய்விட்டது, டீக்கடையில் சும்மா நிற்பார். நடு ராத்திரி எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். இதில் எங்குமே 'மறதி' என்று நாம் நினைக்கிற மறதி இல்லை என்பதைக் கவனியுங்கள். பேரெல்லாம் ஞாபகம் இருந்தது, முகமெல்லாம் தெரிந்தது. டவுன் உள்ளவர்களுக்கு அல்சைமர் தொடங்கும்போது ஞாபகத்துக்கு முன்னால் சுபாவமும், ஒரு வேலையை வரிசையாகச் செய்யும் திறமையும் மாறுவது சகஜம் என்று எங்களுக்குப் பிற்பாடுதான் ஒரு டாக்டர் சொன்னார். வீட்டில் அதுவரைக்கும் பிடிவாதம், அம்மா போன ஏக்கம், யாரோ வைத்த செய்வினை என்று ஆளுக்கொரு காரணம் ஓடிக்கொண்டிருந்தது. செய்வினைக்குத் தாயத்தும் கட்டியாயிற்று. அதை நான் இன்னும் அவிழ்க்கவில்லை, அவருக்கு அந்தக் கயிறு பிடித்திருக்கிறது.

முதலில் பார்த்த டாக்டர், "இவங்களுக்கு வயசு சீக்கிரம் ஆகும்மா, இப்படித்தான் இருக்கும்" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அடுத்துப் போன பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளைஞர் கையில் தாளோடு வந்து உட்கார்ந்தார். இன்று என்ன தேதி? இது எந்த மாவட்டம்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். தம்பி சிரித்துக்கொண்டே "சாப்டாச்சு" என்றார். முப்பதுக்கு இத்தனை என்று ஒரு மார்க் போட்டு, நோய் முற்றிவிட்டது என்று எழுதினார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் கேள்விகளுக்கு அவர் இருபது வயதில், நல்ல தெம்போடு இருந்தபோதும் ஒரு பதில் சொல்லியிருக்க மாட்டார். யாருக்கோ செய்த எடைக்கல்லை வைத்து இவரை நிறுத்தால் என்ன எடை வரும்? அதோடு ராத்திரி அமைதியாகத் தூங்க என்று ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். தூங்கினார், சரி. பகலிலும் வாயில் எச்சில் வழிய, மரம்போல உட்கார்ந்திருந்தார். நிறுத்திவிட்டோம்.

அப்புறம் திருச்சூர் பக்கம் ஒரு நரம்பியல் டாக்டர் அம்மாவைப் பார்த்தோம். தம்பியிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் கேட்டார்: "இவர் முப்பத்தைந்து வயதில் நல்லா இருந்தப்போ, தானே என்னென்ன செய்வார்? அதில் எது எப்போ நின்றது?" நான் முருங்கைக்காய்க் கட்டிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அந்த வயதில் எடுத்த வீடியோ ஏதாவது உண்டா என்றார். எங்கள் மகளுக்குச் சீர் செய்தபோது எடுத்த வீடியோ இருந்தது. அதில் தம்பி பந்தியில் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு, மண்டபத்துப் படியில் தடதடவென்று இறங்கி வருவார். இலைக்கு ஒரு கரண்டி, சிந்தாமல். டாக்டர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பிறகு தம்பியை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தார். நோயைக் கண்டுபிடிக்கிற பாதி வேலை அங்கேயே நடந்தது என்பேன்.

அவர் சொல்லி நான் புரிந்துகொண்டதை மற்ற குடும்பங்களுக்காக எழுதுகிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். 1959-லேயே பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதைக் கண்டு சொல்லிவிட்டார்கள். அல்சைமர் வந்தவர்களின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் இருக்கிறதே, அதற்கு மூலமான ஏ.பி.பி. என்ற மரபணுவும் இதே 21-வது குரோமோசோமில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூன்று பிரதி என்றால் உற்பத்தியும் அதிகம், படிவும் சீக்கிரம். நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அந்தப் படிவு வந்துவிடுகிறது. உடனே நோய் வெளியே தெரியாது. பெரும்பாலும் ஐம்பதை ஒட்டியோ அதைத் தாண்டியோ தெரியவரும், சிலருக்கு எங்கள் தம்பி மாதிரி முன்னாடியே. ஆயுள் முழுக்கப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வரக்கூடும் என்கிறார்கள். நம் முந்தைய தலைமுறைக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம், அந்தப் பிள்ளைகள் அந்த வயது வரை இருக்கவில்லை. அமெரிக்காவிலேயே 1983 வாக்கில் இவர்களுடைய சராசரி ஆயுள் 25 வயதுதான். இதயக் கோளாறுக்கு ஆபரேஷன், நல்ல மருந்து எல்லாம் வந்து இப்போது 60 வரை போகிறது. பிள்ளைகள் வாழ்ந்துவிட்டார்கள், பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அண்ணன் அண்ணிமார் கையில் இந்த நோய் வந்து நிற்கிறது.

ஆனால் நாற்பதைத் தாண்டிய டவுன்காரர் மாறினால் அது அல்சைமர்தான் என்று முடிவுகட்டுவதும் தப்பு. இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டும். 'இப்படித்தான் இருக்கும்' என்று டானிக் கொடுத்து அனுப்புவதும், 'முற்றிவிட்டது' என்று கைவிரிப்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கம். டாக்டர் அம்மா தம்பிக்கு முதலில் எழுதியது ரத்தப் பரிசோதனைதான். தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்த அளவு. தைராய்டு சுரப்பு குறைவது டவுன் உள்ளவர்களுக்கு மிகச் சாதாரணம். குறைந்தால் ஆள் மந்தமாவார், மலச்சிக்கல் வரும், பேச்சு குறையும், பார்க்கிறவர்களுக்கு மறதி நோய் மாதிரியே தெரியும். தம்பிக்குக் குறைந்துதான் இருந்தது. மாத்திரை ஆரம்பித்த பிறகு முகத்தில் களை வந்தது, காலையில் தானே எழுந்தார்.

அப்புறம் காது. இவர்களுக்குக் காதுத் துளை குறுகலாக இருப்பதால் அழுக்கு அடைத்துக் கல்லாகிவிடும். காது டாக்டர் அதை எடுத்துப் போட்டதும், பின்னாலிருந்து கூப்பிட்ட என்னை மனிதர் திரும்பிப் பார்த்தார். அத்தனை மாதமும் 'கூப்பிட்டால் ஏனென்று கேட்பதில்லை, மூளை போய்விட்டது' என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தது அந்த அழுக்கைப் பற்றித்தான். கண்ணில் புரை சின்ன வயதிலேயே வரும், அதையும் பார்த்தார்கள். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்தின் மேல் பகுதியில் எலும்பு நழுவி நரம்புத் தண்டை அழுத்தினால் நடை தடுமாறும், சிறுநீர் கட்டுப்பாடு போகும். அது மறதி நோயே இல்லை, வேறு வைத்தியம் வேண்டும். தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து விடுகிறதா என்று கேட்டார். டவுன் உள்ள பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தத் தொல்லை உண்டாம். ராத்திரி மூச்சுத் திணறினால் பகலில் புத்தி எப்படித் தெளிவாக இருக்கும்? முகமூடி மெஷின் வைத்துப் பார்த்தோம், தம்பி பிடுங்கி எறிந்துவிட்டார். இப்போது முதுகுக்கு அண்டை கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைக்கிறோம். குறட்டை கொஞ்சம் குறைந்திருக்கிறது. மனச்சோர்வு, பல்வலி, மலச்சிக்கல், சளிக்குக் கடையில் வாங்கிக் கொடுக்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரை, இவை ஒவ்வொன்றும் ஒரு நல்ல ஆளை மறதிக்காரர் மாதிரி காட்டக்கூடியவை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் கையை ஓங்கித்தான் காட்டுவார்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் அந்தச் சுருக்கு திரும்பி வரவில்லை. படி பயம் போகவில்லை. சில மாதம் விட்டு மறுபடி அதே கேள்விகளைக் கேட்டு, இன்னும் இறங்கியிருப்பதைப் பார்த்த பிறகே டாக்டர் அம்மா அல்சைமர் என்று எழுதினார். தலையை ஸ்கேன் எடுத்தது வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய மட்டும். அமிலாய்டு படிவைக் காட்டும் பெட் ஸ்கேன் எடுக்கலாமா என்று கணவர் கேட்டார், கடனை வாங்கியாவது எடுத்துவிடும் வேகத்தில் இருந்தார். நாற்பதைத் தாண்டிய டவுன்காரருக்கு அந்தப் படிவு எப்படியும் இருக்கும், அது இருக்கிறதென்று படம் காட்டினால் நோய் தொடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை, காசை வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். இப்படிச் சொல்கிற டாக்டர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

வலிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லை. போன வருடத்திலிருந்து காலையில் எழுந்த கொஞ்ச நேரத்துக்குத் தம்பியின் கை திடீர் திடீரென்று துள்ளும். டீ டம்ளர் கையை விட்டுப் பறந்துபோய் விழும். வேண்டுமென்றே எறிகிறார் என்று என் மகனே கோபித்துக்கொண்டான். பத்து மணிக்கு மேல் ஒன்றும் இருக்காது, ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தில் ஆள் சமத்தாக உட்கார்ந்திருப்பார். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். பார்த்ததும் இது ஒருவகை வலிப்பு என்றார். டவுன் உள்ளவர்களுக்கு அல்சைமர் வந்தால் வலிப்பு சேர்ந்து வருவது மிக அதிகம். சின்ன வயதில் இருந்த வலிப்பு திரும்பி வருவது அல்ல இது, நாற்பதுக்கு மேல் புதிதாக வருவது. லெவெட்டிராசெட்டாம் மாத்திரை கொடுத்தார்கள். துள்ளல் வெகுவாகக் குறைந்தது. சிலருக்கு அந்த மாத்திரையால் எரிச்சல் கூடும் என்று சொல்லியே கொடுத்தார், தம்பிக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நாற்பதைத் தாண்டிய டவுன்காரர் வீட்டில் காலையில் பாத்திரம் உடைந்துகொண்டே இருந்தால் திட்டுவதற்கு முன் போனை எடுங்கள்.

மறதிக்கே மருந்து உண்டா என்றால், நோயை நிறுத்தும் மருந்து இல்லை. டோனெபெசில் என்ற மாத்திரையைக் கொஞ்சமாகத் தொடங்கினார்கள். கொடுக்கும் முன் இ.சி.ஜி. எடுத்து நாடித் துடிப்பு பார்த்தார்கள், அந்த மாத்திரை துடிப்பை இன்னும் மெதுவாக்கக்கூடும் என்பதால். ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு இருந்தது, அளவைக் குறைத்துச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தோம். பலன்? பகலில் கொஞ்சம் விழிப்பாக இருக்கிறார். அதற்கு மேல் நான் அளந்து சொல்ல மாட்டேன். மெமன்டின் என்ற இன்னொரு மருந்தை நாற்பதைத் தாண்டிய டவுன்காரர்களுக்கே கொடுத்துப் பிரிட்டனிலும் நார்வேயிலும் ஒரு வருடம் சோதித்திருக்கிறார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதைச் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2012-ல் லான்செட் இதழில் வந்தது. அதனால் அதை எங்களுக்கு எழுதவில்லை. பெங்களூரில் இருக்கும் உறவுக்காரப் பையன் லெகனெமாப், டொனனெமாப் என்று அமெரிக்காவில் 2023, 2024-ல் அனுமதி பெற்ற ஊசிகளைப் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அந்த ஊசிகளைச் சோதித்த பெரிய ஆய்வுகளில் டவுன் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. இவர்களுக்கு மூளை ரத்தக்குழாய்ச் சுவரிலும் அமிலாய்டு அதிகமாகப் படிவதால் கசிவு ஆபத்து உண்டோ என்ற கவலை இருக்கிறது. ஏறக்குறைய அத்தனை பேருக்கும் நோய் வரக்கூடிய ஒரு கூட்டத்தையே ஆய்வில் விட்டுவிட்டு மருந்து கண்டுபிடிக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல.

மாத்திரையைவிட வீட்டில் மாற்றிய சின்னச் சின்ன விஷயங்கள்தான் எங்களுக்கு அதிகம் கை கொடுத்தன. வாசலில் கறுப்பு கிரானைட் பட்டை போட்டிருந்தோம், பகட்டாக இருக்கட்டும் என்று. தம்பி அதைக் குழி என்று நினைத்துக் காலை வைக்காமல் நின்றுவிடுவார். தள்ளினால் கதவைப் பிடித்துக்கொண்டு அலறுவார். ஆழம் கணிக்கிற சக்தி குறைவதால் கறுப்புத் தரையும் பளபளப்பும் இவர்களுக்கு அப்படித் தெரியுமாம். கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் தரையின் நிறத்திலேயே ஒட்டுக் காகிதம் ஒட்டினார். மறுநாளே தாண்டிப் போனார். எவர்சில்வர் தட்டில் பாதிச் சோறு மிச்சம் வைத்துக்கொண்டிருந்தவர், வாழை இலையில் போட்டால் முழுசும் சாப்பிடுகிறார். பச்சைக்கு மேல் வெள்ளை தனியாகத் தெரிகிறது, அவ்வளவுதான் ரகசியம். எங்கள் ஊரில் இலைக்கா பஞ்சம்.

ரசம் சோறு மட்டும் நிறுத்திவிட்டோம். நீரும் பருக்கையும் கலந்து போனால் தொண்டை குழம்பிப் புரையேறுகிறது. நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. இந்த நோயாளிகள் பலர் சாவது அதில்தான். குழைய மசித்த பருப்புச் சோறு, ராகிக் கூழ், நிமிர்த்தி உட்காரவைத்து, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க விடாமல். "அம்மா எங்கே?" என்று கேட்பார். செத்துவிட்டார்கள் என்று சொன்னால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுவார். இப்போதெல்லாம், "அம்மா என்ன குழம்பு வைப்பாங்க தம்பி, சொல்லுங்க" என்று நான் கேட்கிறேன். சொல்லிக்கொண்டே சமாதானமாகிவிடுவார்.

இனி நான் கேட்க வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒவ்வொருவருக்கும் 35 வயதில், நல்ல நிலையில் இருக்கும்போதே, என்னென்ன தானாகச் செய்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தானே குளிக்கிறாரா, பொத்தான் போடுகிறாரா, கடைக்குத் தனியாகப் போய் வருகிறாரா, எத்தனை பேர் பெயர் சொல்கிறார், எந்தப் படியில் எப்படி இறங்குகிறார், என்ன எடை, எப்படித் தூங்குகிறார், எதற்குச் சிரிப்பார். போனில் ஒரு வீடியோ, சாப்பிடுவது, நடப்பது, வேலை செய்வது. வருடத்துக்கு ஒரு தடவை அதே பக்கத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். 2020-ல் அமெரிக்காவின் ஜாமா இதழில் டவுன் உள்ள பெரியவர்களுக்கான மருத்துவ வழிகாட்டி வெளியானது. அதில் 40 வயதிலிருந்து ஆண்டுதோறும் மறதி நோய்க்குப் பார்க்கச் சொல்கிறார்கள். 21 வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை தைராய்டு பார்க்கச் சொல்கிறார்கள். கூட இருப்பவர்களிடம் கேட்டே நிரப்பும் கேள்வித்தாள்களும் இவர்களுக்கென்று தனியாக இருக்கின்றன. நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொல்லாத தாள்கள்.

இதைச் செய்வதற்கு எங்கள் பக்கத்தில் ஆளும் இடமும் உண்டு. கேரளத்தில் அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்காகப் பஞ்சாயத்துகள் நடத்தும் பட்ஸ் பள்ளிகள் இருக்கின்றன. 18 வயதைத் தாண்டியவர்களுக்குப் பட்ஸ் மறுவாழ்வு மையங்கள் உண்டு. வீடு வீடாக வரும் ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் பேலியேட்டிவ் நர்ஸ் ஜீப்பில் வருகிறார். ஒரு டீச்சரும் ஒரு ஆஷா அக்காவும் உட்கார்ந்தால் ஒரு மத்தியானத்தில் ஒருவருக்கான நோட்டு முடிந்துவிடும். எங்கள் பஞ்சாயத்துகளில் அதைத் தமிழிலும் எழுத வேண்டும், வீட்டில் கேட்டு எழுதுவது என்றால் வீட்டுப் பாஷையில்தானே கேட்க முடியும். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே வருகிறார்களே, அவர்கள் பையில் இந்த ஒரு தாளையும் வைக்கலாம். செலவு ஒன்றுமில்லை.

பணம் காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு இடம் போதாது. கோவையில் காட்டினால் தமிழக முதல்வர் காப்பீட்டு அட்டை எங்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள கார்டு இந்தியா முழுக்கச் செல்லும், அது இல்லாதவர்கள் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. அதே சட்டத்தில் கலெக்டர் தலைமைக் கமிட்டியிடம் விண்ணப்பித்து அண்ணன் தம்பிகள் சட்டப்படி காப்பாளர் ஆகலாம். பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைப் பேசி முடித்துவிட்டால் நல்லது, பிற்பாடு கையெழுத்துக்கு அலைகிற அலைச்சல் பெரிது. ஒரு வாரம் நான் ஆஸ்பத்திரியில் படுத்தால் தம்பியை எங்கே விடுவது என்பதற்கு மட்டும் இன்னும் வழி இல்லை. முதியோர் இல்லத்தில் கேட்டால் அறுபது ஆகவில்லையே என்கிறார்கள். சிறப்புப் பிள்ளைகளுக்கான இல்லத்தில் கேட்டால் ராத்திரியில் எழுந்து நடப்பவரை வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் வகையில் நியாயம்தான். ஆனால் 48 வயதுக்காரர் எங்கே போவார்? 1992-ல் கேரளத்தில் தொடங்கி நாடு முழுக்க வளர்ந்த அல்சைமர் சங்கமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. போன்ற அமைப்புகளும், டவுன் பெற்றோர் சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து இதற்கு ஒரு இடம் யோசிக்க வேண்டும். ஒருவர் வயதானவர்களைப் பார்க்கிறார், மற்றவர் பிள்ளைகளைப் பார்க்கிறார், எங்கள் தம்பி நடுவில் நிற்கிறார்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம். ஒவ்வொரு வருடமும் சின்னப் பிள்ளைகள் மாறுவேடம் போட்டு ஆடுகிற படம் வருகிறது, அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை நாற்பதைத் தாண்டிய ஒருவர் படத்தையும் பக்கத்தில் போட்டு, தைராய்டு, காது, கண், கழுத்து, தூக்கம், வலிப்பு என்று பார்க்க வேண்டியவற்றை நாலு வரியில் கீழே அச்சிடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் போட்டோகிராஃபரை எங்கள் வீட்டுக்கு அனுப்பலாம், தம்பிக்குப் படம் எடுத்துக்கொள்வதென்றால் ரொம்ப இஷ்டம். பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், ஷேவிங் முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.
(முழு முகவரியும் போன் நம்பரும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.)